நகரும் அலமாரிகளுக்கு நடுவில்

முதலில் கண்ணில் பட்டது ஒற்றைச் செருப்பு. அதற்கு மேலே, தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள் இரண்டின் இடைவெளியில், ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது.

'சந்தேகம் அக்கா' போட்ட அலறல் நூலகத்தின் மேல்மாடி வரை கேட்டது. அவர் ஒரு கல்லூரி நூலகர். ஒவ்வொரு வகுப்பையும் "ஒரு சந்தேகம்" என்று நிறுத்துவதால், உடன் பயிற்சிக்கு வந்தவர்கள் வைத்த பெயர் அது. ஆய்வுகள் எப்படி வெளியாகின்றன, எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் போலி ஆய்விதழ்களை எப்படி அடையாளம் காண்பது, ஆராய்ச்சி மாணவர்களுக்கு எப்படி வழிகாட்டுவது என்று கற்றுக்கொள்ள, பல கல்லூரிகளின் நூலகர்கள் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார்கள். இடைவேளை முடிந்தும், பாடம் நடத்திக்கொண்டிருந்த பயிற்சியாளர் அம்மாவைக் காணவில்லையே என்று தேடிக்கொண்டுதான் அக்கா அடித்தளத்துக்கு இறங்கினார். அலமாரிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது அந்த அம்மாதான்.

அடித்தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர் ஓடிவந்து, அலமாரியை நகர்த்தும் கைச்சக்கரத்தைத் திருப்பினார். அலமாரி முனகியபடி விலகியது. அம்மா துணிபோலச் சரிந்தார். மூச்சு இருந்தது. நினைவு இல்லை.

பெண் காவல் ஆய்வாளர் ஒருவர் காவலர்களுடன் வந்ததும் வகுப்பறைக் கதவுகள் மூடப்பட்டன. மறுபடி கொண்டுவந்து வைத்த தேநீர் வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. ஒருவர் கையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். சக்கரம் தானாகச் சுற்றாது. சுற்றியவர் இதே கட்டடத்தில்தான் இருக்க வேண்டும்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இடைவேளைக்கு முன் அம்மா சொல்லியிருந்தார்: "டீ குடிச்சிட்டு வாங்க, ஒரு போலி இதழைத் திரையில காட்டுறேன். குழந்தைங்களுக்கான மருந்து அளவு அதுல தப்பா வந்திருக்கு. யாருமே சரிபார்க்கல. நடத்துறவர் நமக்குத் தெரியாத ஆளும் இல்ல."

"டீ ரெடி" என்று சொல்ல வந்த பயிற்சியின் ஒருங்கிணைப்பாளரான பேராசிரியர் அப்போது வாசலில் நின்றிருந்தார். காலையில் வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றி ஒற்றி வரவேற்புரை பேசிவிட்டு, முதல் வகுப்பு தொடங்குவதற்குள் கிளம்பிப்போனவர் அவர்.

ஆய்வாளர் முதலில் ஊழியரைப் பிடித்தார். "கையில என்ன கறுப்பு?"

"கிரீஸ் மேடம். சக்கரம் இறுகிப்போச்சுன்னு காலைலதான் பூசினேன்."

"டீ நேரத்துல எங்க இருந்த?"

"பின்பக்கம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"பார்த்தவங்க?"

ஊழியர் கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பேராசிரியரின் கண்களில் தாரை தாரையாக நீர். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். "என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி மேடம். டீ நேரத்துல என் அறையில அவங்க புதுக் கட்டுரையைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். நம்ம பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்துல எடுத்து, ஒரு வரி விடாம. அப்படி எழுதுறவங்களுக்கா இந்தக் கதி!"

அம்மாவை ஏற்றிய தூக்குப்படுக்கை வகுப்பறை வாசலைக் கடந்தது. "நான் கூடப் போறேன். அவங்க வீட்டுக்காரங்க வெளியூர்ல இருக்காங்க" என்றார். ஆய்வாளர் தலையாட்டினார்.

அக்காவுக்கு ஏதோ இடித்தது. என்ன என்று பிடிபட்டதும் ஒரு கணம் தயங்கினார். நினைத்தது தப்பானால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும். சரியாக இருந்து வாயை மூடிக்கொண்டால் ஆம்புலன்ஸிலேயே ஒரு உயிர் போகும்.

அவர் வாசலை மறித்து நின்றார். "ஒரு சந்தேகம்."

யாரும் சிரிக்கவில்லை.

"கட்டுரையை முழுசாப் படிச்சீங்களா சார்?"

"கடைசி வரி வரைக்கும்மா. வழியை விடுங்க, நேரமாகுது."

"அது முழுசாத் திறக்காது சார். பதிப்பாளரோட ஒப்பந்தப்படி அடுத்த மாசம் வரைக்கும் அதுக்குத் தடைக்காலம். சுருக்கம் மட்டும்தான் தெரியும். காலைல முதல் வகுப்புல அவங்களே அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் தடைக்காலம்னா என்னன்னு சொல்லிக்கொடுத்தாங்க. நீங்கதான் அதுக்குள்ள போயிட்டீங்களே."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு அவங்களே அனுப்பியிருந்தாங்க."

"களஞ்சியத்துல எடுத்தேன்னு இப்பத்தானே சொன்னீங்க?" ஆய்வாளர் ஓரடி நெருங்கினார்.

"பதற்றத்துல வாய் தவறிடுச்சு. அதுக்காக நான் கொலைகாரனா?"

அக்கா வாசலை விட்டு நகரவில்லை. "காலைல பேசும்போது நிமிஷத்துக்கொரு தரம் கைக்குட்டையை எடுத்தீங்க. இப்ப இவ்வளவு அழுகைக்கும் சட்டைக் கையிலயே துடைக்கிறீங்க. கைக்குட்டை எங்க சார்?"

பேராசிரியரின் கை அவரை அறியாமலே கால்சட்டைப் பைக்குப் போனது. ஆய்வாளர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பையிலிருந்து வந்த கைக்குட்டையில் பாதி வெள்ளை, பாதி கிரீஸ்.

பேராசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என் பதவி உயர்வுக்காகத்தான் அந்த இதழை ஆரம்பிச்சேன். அப்புறம் யார் யாரோ அனுப்பினாங்க, போட்டேன். அடித்தளத்துல தனியாப் பேசலாம்னு அவங்களைக் கூப்பிட்டேன். சத்தமில்லாம நீக்கிடுறேன், விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். அந்த மருந்தை எத்தனை பேர் கொடுத்திருப்பாங்களோ, வெளியில சொல்லியே ஆகணும்னாங்க. சரின்னு சொல்லி, பழைய இதழ்த் தொகுதி ஒண்ணு எடுத்துக் கொடுங்கன்னு அலமாரிகளுக்கு நடுவுல அனுப்பிட்டு…" கைகளைப் பார்த்துக்கொண்டார். "மருந்து அளவு தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டுரையை நான் படிக்கவே இல்ல."

ஊழியர் சுவரில் சாய்ந்து விசும்பினார். ஆய்வாளர் அவர் தோளைத் தட்டிவிட்டு அக்காவிடம் திரும்பினார். "அவங்க கூட நீங்க போங்கம்மா."

ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது. செவிலியர் முன்பக்கம் திரும்பி ஓட்டுநரிடம் மருத்துவமனை வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டிய இருக்கையில் அக்கா உட்கார்ந்தார். வண்டி ஒரு திருப்பத்தில் குலுங்கியது. விழாமலிருக்க எதையோ பற்றினார். குனிந்து பார்த்தார்.

அவர் விரல்களுக்குள் இருந்தது அம்மாவின் ஆக்சிஜன் குழாய்.

தீயைத் தொட்டதுபோலக் கையை எடுத்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. மருத்துவமனை வந்து சேரும்வரை நிற்கவே இல்லை.