விளிம்புவரை ஊற்றிய கிண்ணம்

கோகந்த் நகரின் பழைய தேநீர் விடுதிக்குள் நானும் அண்ணன் ஒலிமும் நுழைந்தபோது நல்ல வெயில். சுவரெங்கும் வெண்சாந்தில் செதுக்கிய கொடிகள், மாதுளைகள். அந்தச் சாந்து வேலையில் ஒரே ஒரு பலகம் மட்டும் உதிர்ந்திருந்தது. அதைத்தான் நாங்கள் புதிதாகச் செய்ய வேண்டும். வலப் பாதியை ஒலிம் செதுக்குவான். இடக்கைக்காரனான நான் இடப் பாதியை. எங்கள் வீட்டில் அடுப்பெரிவது இந்த இரண்டு கைகளால்தான்.

உள்ளே ஈரச் சாந்தின் மணம். அதற்கடியில் இறைச்சிக்கடை வாடை.

விடுதிக்காரர் துராப் வாசலைத் தாண்டவில்லை.

"முதல் கிண்ணத் தேநீரை அந்தச் சுவருக்கு வச்சிடுங்க தம்பி. அதைச் செதுக்கினவரை இங்கேயேதான் வெட்டிக் கொன்னாங்க. ரெண்டு கையும் கிடைக்கவே இல்லை."

"அப்ப கிண்ணத்தை எதால பிடிப்பாராம்?" ஒலிம் சிரித்தான்.

விளிம்புவரை ஊற்றிச் சுவரடியில் வைத்தான். மதிப்பான விருந்தாளிக்கு நாங்கள் கால் கிண்ணம்தான் ஊற்றுவோம். இன்னும் இருங்கள் என்று பொருள். நிறைத்து ஊற்றினால், குடித்துவிட்டு வெளியே போ.

"அண்ணே, பாதியைக் கொட்டிடு."

"அவரு கிளம்பினாத்தானே நமக்கு வேலை நடக்கும்!"

துராப் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்.

ஒலிம் தொட்டியில் வலக்கையை விட்டுச் சாந்தைக் கலக்கினான். கலக்கிக்கொண்டே இருந்தால்தான் அது சட்டென்று இறுகாது. நான் சுவரைச் சுரண்டினேன். சற்று நிறுத்தினேன்.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஒலிம் கலக்குவதை நிறுத்தியிருந்தான்.

"தம்பி," என்றான் மெதுவாக. "உள்ள யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க."

சாந்து இறுகியது.

எலும்பு முறியும் சத்தம். இன்னொன்று. அவன் அலறினான். சுத்தியலை எடுத்து அடித்தேன். வெள்ளைச் சில்லுகள் சிவப்பாகத் தெறித்தன. ஓர் அடி அவன் முழங்கையில் விழுந்தது. நிறுத்தாமல் அடித்தேன்.

கட்டி பிளந்தது.

மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. கட்டிக்குள்ளும் இல்லை.

ஒலிம் பிழைத்தான். அன்றிலிருந்து விடுதி பூட்டியே கிடந்தது. குளிர்காலம் முடிந்ததும், எங்கள் உளிகளை எடுத்துவரப் போனேன். துராப் பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார்.

"சீக்கிரம் வந்துடுங்க தம்பி."

உதிர்ந்த பலகத்தின் வலப் பாதி முடிந்திருந்தது. கொடிநுனிகள் ஒலிம் வளைப்பதுபோலவே உள்நோக்கிச் சுருண்டிருந்தன. தொட்டேன். ஈரம்.

இடப் பாதி வெறுமையாக இருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

சுவரடியில் ஒரு கிண்ணம். தேநீரில் ஆவி பறந்தது.

கால் கிண்ணம்தான் ஊற்றியிருந்தது.