புரியவில்லை என்று சொல்லும் வேலை

காலை மணி அடிப்பதற்கு முன்பே ரித்திகா மூன்றாவது பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்ச் அது. நாற்பது வயதைத் தாண்டியவளின் முழங்கால் மேசைக்கு அடியில் இடித்துக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தில் காந்தள் வந்து உட்காருவாள். வந்ததும் முதல் வேலையாக ரித்திகாவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். பிடித்தது இருந்தால் சிரிப்பாள், இல்லாவிட்டால், “என்னக்கா இது?” என்று அலுத்துக்கொள்வாள்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரும்பள்ளங்களெல்லாம் ஏரிகளாகி, அந்த ஏரிகளின் மேல் சூரியத் தகடுகள் மிதக்கத் தொடங்கிப் பல காலம் ஆகியிருந்தது. அப்படி ஓர் ஏரியின் கரையில்தான் பள்ளி இருந்தது. பத்தாம் வகுப்பின் முன்சுவர் முழுவதும் பாடம் நடத்தும் ஒரே இயந்திரம், கற்பொறி. அரசு வைத்த பெயர் அது. பிள்ளைகளுக்கு அது ‘சுவர் வாத்தியார்’. அதற்குத் தெரியாதது எதுவும் இல்லை. கோபப்படாது, தொண்டை கட்டாது, விடுப்பு எடுக்காது.

“ஒரே அளவில் இரண்டு சதுரங்கள் இருக்கின்றன. இரண்டிலும் உள்ள ஓடுகளை எல்லாம் எடுத்து, ஒன்றுகூட மிஞ்சாமல், ஒன்றுகூடக் குறையாமல், ஒரே பெரிய சதுரமாக அடுக்க முடியுமா?” என்று சுவர் வாத்தியார் கேட்டிருந்தது. வகுப்பு அந்தக் கேள்வியோடு சில நாட்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஐந்துக்கு ஐந்தாக இரண்டு சதுரம் எடுத்தால் மொத்தம் ஐம்பது ஓடு. ஏழுக்கு ஏழு அடுக்கினால் ஒன்று மிஞ்சியது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக இரண்டு எடுத்துப் பதினேழுக்குப் பதினேழு அடுக்கப் பார்த்தால் ஒன்று குறைந்தது. காந்தள் ஓடுகளைத் தள்ளிவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

ரித்திகா கையைத் தூக்கினாள். “எனக்கும் புரியல. கிட்டக்கிட்ட வருது, ஆனா சேர மாட்டேங்குது. ஏன்னு தெரியல.”

அதைக் கேட்டதும் பின்பெஞ்சிலிருந்து நான்கைந்து கைகள் எழுந்தன. “எனக்கும்.” “எனக்கும் புரியல.” காந்தள் மறுபடியும் ஓடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இதுதான் ரித்திகாவின் வேலை. இதற்குத்தான் அரசு அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. பதவியின் பெயர் உடன்கற்போர். பழைய ஆட்கள் இன்னும் டீச்சிங் அசிஸ்டென்ட் என்பார்கள்.

ரித்திகா சிறுமியாக இருந்தபோது பள்ளிகளைப் பூட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு விடைப்பொறியைக் கையில் கொடுத்து, கேட்டால் சொல்லும் என்றார்கள். சொல்லவும் சொன்னது. வகுத்தலிலிருந்து வைத்தியம் வரை எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டே அவள் வளர்ந்தாள். தலைக்குள் எதுவும் தங்கவில்லை, தங்க வேண்டிய அவசியமும் வரவில்லை. பொறி சொல்வது சரியா தவறா என்று பார்த்துச் சொல்லக்கூட நாட்டில் ஆளில்லை என்பது தெரிந்தபிறகுதான் பள்ளிகளை மறுபடி திறந்தார்கள்.

திறந்தும் பயனில்லை. ஒருபோதும் தடுமாறாத ஒரு சுவரின் முன்னால் பிள்ளைகள் தடுமாறிப் போனார்கள். புரியாமல் போவது தனக்கு மட்டும் வந்த நோய் என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்து, கமுக்கமாகக் கைவிட்டது. பெரியவர் ஒருவர் ஒன்று புரியாமல் திணறி, விடாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்து, கடைசியில் பிடித்துவிடுவதை அவர்கள் பார்த்ததே இல்லை. அப்போது வந்ததுதான் சட்டம். எல்லா வகுப்பிலும் உண்மையாகவே தெரியாத பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். முதல் வகுப்பிலிருந்து பிள்ளைகளோடு சேர்ந்து படித்து, அவர்களோடே மேலே வர வேண்டும்.

விளம்பரத்தில் ‘தகுதி: படித்திருக்கக் கூடாது’ என்று இருந்ததைப் பார்த்து அவள் கணவன் நிதின் விழுந்து விழுந்து சிரித்தான். “உனக்குன்னே போட்டிருக்கான் ரித்தி!”

ஆனால் திருச்சியில் நடந்த பயிற்சியில் சிரிக்க நேரமில்லை. உரக்கத் தப்பாகச் சொல்லப் பழக்கினார்கள். எங்கே புரியாமல் போகிறதோ அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டப் பழக்கினார்கள். திணறும் பிள்ளைக்கு அவசரப்பட்டுக் கைகொடுக்காமல் பக்கத்தில் வெறுமனே இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பயிற்சி கொடுத்த ஜெபக்கனி மேடம் முதல் நாளே சொன்னார்: “நடிக்கக் கூடாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டாதீங்க. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரியும் காட்டாதீங்க. பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும். கண்டுபிடிச்ச அன்னிக்கு எல்லாம் போச்சு.”

மேலேறும் வழியையும் அவர்தான் விளக்கினார். கற்பொறி சொல்லித்தராமல், வகுப்பு எட்டுவதற்கு முன்னால், ஓர் உடன்கற்போர் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த பெஞ்ச் இனி அவருக்கு உரியதல்ல. அவர் அதை அறிவிக்க வேண்டும். பிறகு திருச்சியில் மேற்பயிற்சி எடுத்துத் தடமறிவோர் ஆகலாம். மனிதர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கற்பொறிக்கே சொல்லிக்கொடுக்கும் பதவி அது. “உங்கள்ல நிறைய பேருக்கு அது நடக்காது. நடந்தா, அதுக்குமேல ஒரு பெருமை கிடையாது” என்றார் ஜெபக்கனி. ரித்திகா அதைத் தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு இந்த முப்பது பிள்ளைகளோடு அவள் எழுத்துக் கூட்டினாள், கடன் வாங்கிக் கழித்தாள், பின்னத்தில் அழுதாள். காந்தளுக்குப் பால்பல் விழுந்தபோதும் பக்கத்தில் இருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போக நிதினின் படகில் ஏறினாள். அவன் ஏரியில் தகடு துடைக்கும் வேலை பார்த்தான். படகு ஒரு பெரிய மிதவையை ஒட்டிப் போனது. சதுரமான மிதவை; குறுக்கும் நெடுக்குமாக நடைபாதை அதை நான்கு சம சதுரங்களாகப் பிரித்திருந்தது. ரித்திகா அதைச் சும்மாதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு சின்னச் சதுரம் சேர்ந்து இந்தப் பெரிய சதுரம் ஆயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படை. ஒற்றைப்படைப் பக்கம் உள்ள சதுரத்தில் எண்ணிக்கையும் ஒற்றைப்படையாகத்தான் வரும். ஆகவே இதன் பக்கம் இரட்டைப்படை. பக்கத்தைப் பாதியாக்கலாம். இதோ இந்த மிதவை மாதிரி நான்கு துண்டாக்கலாம். பெரியதில் பாதிதான் சின்னச் சதுரம். நான்கு துண்டில் பாதி இரண்டு துண்டு. அப்படியென்றால் அந்தச் சின்னச் சதுரமும் இரண்டு குட்டிச் சதுரங்கள் சேர்ந்ததுதான்! அதே கணக்கு, இன்னும் சிறியதாக. அந்தக் குட்டியும் அப்படியே. அதற்குள்ளும் அப்படியே. கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும், முடிவே வராது. ஆனால் ஓடு தீர்ந்துவிடுமே! ஒற்றை ஓட்டுக்குக் கீழே எங்கே போவது?

முடியாது. எத்தனை ஓடு கொடுத்தாலும், யார் அடுக்கினாலும் முடியவே முடியாது.

“நிதின்!” என்று கத்திக்கொண்டு அவள் எழுந்ததில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஏய், உக்காரு! என்னாச்சு?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறந்ததிலிருந்து எந்தப் பொறியும் சொல்லாமல் அவளுக்குத் தெரிந்த முதல் விஷயம் இது. திக்கித்திக்கி அவனுக்கு விளக்கினாள். நிதின் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டான்.

“பாதிதான் புரிஞ்சுது. ஆனா இது நீயே கண்டுபுடிச்சது. அது நல்லாப் புரியுது” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். “சந்தோஷப்படாம ஏன் இப்படி இருக்க?”

“இத சொன்னா நான் அந்த வகுப்ப விட்டுப் போகணும். இன்னும் கொஞ்ச மாசத்துல அதுங்களுக்குப் பொதுத்தேர்வு.”

“அப்ப சொல்லாத. பரீட்சை முடியட்டும். யாருக்குத் தெரியப்போவுது?”

அவளுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அவளுக்காக அல்ல, பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

மறுநாள் வகுப்பில் ஓடுகளைப் பரப்பினார்கள். ரித்திகா வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். “எனக்கு இன்னும் புரியல.”

பின்பெஞ்சில் கைகள் எழுந்தன. ஆனால் காந்தள் தன் ஓடுகளைத் தொடவில்லை. ரித்திகாவையே பார்த்தாள்.

“அக்கா, ஒங்களுக்குப் புரிஞ்சிருச்சு.”

“இல்லடி.”

“புரியலன்னா நீங்க இப்படி நிம்மதியா ஒக்கார மாட்டீங்க. பென்சிலக் கடிப்பீங்க, என்னத் தொந்தரவு பண்ணுவீங்க. காலையிலேருந்து ஓட்ட நீங்க பாக்கவே இல்ல, எங்களத்தான் பாக்குறீங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “அப்ப இதுக்கு முன்னாடியும் நடிச்சீங்களா? பின்னத்துல அழுதீங்களே, அதுவும்?”

இந்தப் பிள்ளை ‘எனக்கும்தான் புரியல’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது. அந்தச் சொல் பொய்யென்றால், ஏறி வந்தது முழுவதும் பொய்யாகிவிடும். பொதுத்தேர்வு வரை கூட இருந்து என்ன பயன்?

அவள் எழுந்து நின்றாள். முழங்கால் மேசையில் இடித்தது.

“காந்தள் சொல்றது சரி. நேத்து சாயங்காலம் எனக்குப் புரிஞ்சிருச்சு. யாரும் சொல்லித் தரல, நானா கண்டுபுடிச்சேன். சொன்னா ஒங்கள விட்டுப் போகணுமேன்னு இன்னிக்கு மறைச்சேன். அது தப்பு. ஆனா இந்த ஒரு தடவைதான். பின்னத்துல அழுதது சத்தியமா நெசம்.”

சுவர் வாத்தியார் பாடத்தை நிறுத்தியது.

“ரித்திகா அவர்களே, தானாகக் கண்டறிந்ததாகப் பதிவு செய்யலாமா?”

“செய்யுங்க.”

“விடையை இப்போது வகுப்புக்கு விளக்க விரும்புகிறீர்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் காந்தள் துள்ளி எழுந்தாள். “வேணாம்! சொல்லாதீங்க அக்கா! ஒங்களுக்கு வந்துச்சுல்ல? அப்ப எங்களுக்கும் வரும். யாரும் சொல்லக் கூடாது!” பிறகுதான் அவளுக்கு விஷயம் முழுதாக உறைத்தது போலிருந்தது. வகுப்பின் பக்கம் திரும்பிக் கத்தினாள். “டேய், நம்ம பெஞ்சுலேருந்துடா! சுவர் சொல்லாமலே கண்டுபுடிச்சிருக்காங்க!”

யாரோ மேசையைத் தட்டினார்கள். அடுத்த நிமிடம் முப்பது பேரும் தட்டினார்கள். பக்கத்து வகுப்பின் உடன்கற்போர் என்ன கலவரமோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வாரமே திருச்சியிலிருந்து ஜெபக்கனி மேடம் வந்தார். காலி வகுப்பறை ஒன்றில் ரித்திகாவைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி விளக்கச் சொன்னார். ரித்திகா மிதவையை வரைந்தாள், நான்காகப் பிரித்தாள், இரண்டை அழித்தாள். ஜெபக்கனி இடையில் புகுந்து மடக்கினார். “பக்கம் இரட்டைப்படைன்னு எப்படிச் சொல்றீங்க?” “ஒற்றைப்படையா இருந்தா?” அவள் ஓரிடத்தில் தவறி, திரும்பிப் போய், சரிசெய்துகொண்டு வந்தாள்.

முடிந்ததும் ஜெபக்கனி நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் தனக்காக எழுந்து நிற்பதைப் பார்க்க ரித்திகாவுக்குக் கூச்சமாக இருந்தது.

“நானும் உங்களை மாதிரி ஒரு பெஞ்சுலேருந்து எழுந்து வந்தவதான். பெரம்பலூர்ல, எட்டாம் வகுப்பு. எழுந்த அன்னிக்கு அழுதேன்.”

“பரீட்சை வரைக்கும் மட்டும் இருக்கட்டுமா மேடம்?”

“இருந்தா அவங்க உங்க மூஞ்சியப் பாத்து விடை தேடுவாங்க, ஓட்டப் பாத்து இல்ல. உங்களுக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. புதிதாக வரப்போகும் உடன்கற்போரைப் பற்றிக் கேட்டாள். வேறொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை உடன்கற்போராக வந்து, பத்தாம் வகுப்பை மட்டும் எட்டாமல் நின்றுபோன ஒருவர், தறி ஓட்டியவர், கணக்கு என்றால் நடுங்குவார் என்றார் ஜெபக்கனி. “நல்ல ஆளு” என்று ரித்திகா மனதாரச் சொன்னாள்.

திருச்சிப் பயிற்சியில் கற்பொறியோடு நேருக்கு நேர் உட்கார வைத்தார்கள். இங்கே பாடம் நடத்தியது அவள், கேட்டுக்கொண்டது பொறி. முக்கோணவியல் பாடத்தை அவள் முன்னால் ஓட்டிக் காட்டி, “எந்த இடத்தில் தடுக்குகிறது?” என்று அது கேட்டது.

“இங்க. கோணத்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்துட்டு திடீர்னு விகிதம்ங்கறீங்க. எதுக்குன்னு சொல்லல.”

“காரணம் அடுத்த வரியில் இருக்கிறது.”

“அடுத்த வரி வர்றதுக்குள்ள நான் விழுந்துட்டேன். நின்னு போங்க. இங்க விழுறது சகஜம்னு சொல்லிட்டுப் போங்க.”

பொறி பாடத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டது. “எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. நன்றி” என்றது.

மாசி மாதம் ஒரு மதிய வேளையில், பயிற்சி நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காந்தள். பின்னால் ஒரே இரைச்சல்.

“அக்கா, ஓட்டுக் கணக்கு எங்களுக்கு எப்பவோ வந்துருச்சு, அத வுடுங்க. ஒங்க வழியான்னு தெரியல, இது எங்க வழி. நேர்ல வந்தாத்தான் சொல்லுவேன். இப்ப எதுக்குக் கூப்ட்டேன்னா, இன்னிக்கு முக்கோணவியல் ஆரம்பிச்சுச்சு. சுவர் வாத்தியார் நடுவுல நின்னுருச்சு அக்கா! அதுவா நின்னு, ‘இங்கே விழுவது சகஜம். அரியலூரில் படித்த ஒருவர் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்’னு சொல்லுச்சு. எல்லா ஊர்லயும் இதே சொல்லுச்சாம். நீங்கதான?”

ரித்திகா குழாயை மூடினாள். சுற்றிலும் ஆட்கள் தட்டோடு போய்வந்துகொண்டிருந்தார்கள்.

“நான்தான்டி.”

போனில் காந்தள் முகம் திருப்பிக் கத்துவது கேட்டது. “நாந்தான் சொன்னேன்ல! அவங்கதான்!” மேசைகள் தட்டும் சத்தம் அலையலையாக வந்தது. அது அடங்கும்வரை ரித்திகா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“சரி, ஒனக்குப் புரிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“சுத்தமாப் புரியல” என்றாள் காந்தள், வருத்தமே இல்லாமல். “புது அண்ணனுக்கும் புரியல. நாங்க ரெண்டு பேரும் இப்ப அதுமேலதான் உக்காந்திருக்கோம்.”