நாலு கால் நட்சத்திரம்

நந்திதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மா, மணி என்னாச்சுங்க?"

"இப்பத்தான கேட்ட கண்ணு? ஆறே முக்கால்" என்றார் அம்மா கீதா. அவர் கவனமெல்லாம் எண்ணெயில் வெந்துகொண்டிருந்த அச்சு முறுக்கில் இருந்தது.

ஏழு மணிக்குக் கிறிஸ்துமஸ் கேரல் குழு வரும். போன வருடம் அவர்கள் சிங்காநல்லூரின் இந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். பம்ப்செட் குடோனுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பதே தெரியவில்லையாம்! நந்திதா அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த முறை விடுவாளா? பி.வி.சி. குழாயில் அவளே பெரிய நட்சத்திரம் ஒன்று செய்தாள். அதில் எல்.இ.டி. பட்டையை ஒட்டி, அப்பாவின் பழைய பைக் பேட்டரியோடு இணைத்து, மொட்டைமாடியில் கட்டிவிட்டாள். பட்டையைக் கோடு போட்ட இடத்தில்தான் வெட்ட வேண்டும். இந்த அவசரக்குடுக்கை வேறெங்கோ வெட்டியதில் ஒரு கால் எரியவே இல்லை. நாலு கால் போதும் என்று விட்டுவிட்டாள்.

"ஐயோ!"

சந்தில் யாரோ அலறினார்கள். நந்திதா ஓடினாள். பக்கத்து வீட்டு ராமாமணி அத்தை ஒரு மண்மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் பதிக்க அன்றைக்குத்தான் தோண்டிய பள்ளம் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. தெருவிளக்கும் எரியவில்லை.

"உன்ற நட்சத்திரத்தை அண்ணாந்து பாத்துட்டே வந்துபோட்டேன் அம்மணி! இன்னொரு அடி வெச்சிருந்தா உள்ளதான்."

நந்திதாவுக்குத் திக்கென்றது. பாட வருகிறவர்களும் இப்படித்தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருவார்கள்?

நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டால் வீடு இருப்பது தெரியாது. இந்த வருடமும் திரும்பிப் போய்விட்டால்? அவள் நகத்தைக் கடித்தாள். அதற்குள் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது.

தடதடவென்று மாடிக்கு ஓடினாள்.

"அம்மா, பேட்டரியைத் தூக்குங்க! சீக்கிரம்!"

"அடுப்புல முறுக்குடி!"

"கருகட்டுங்க!"

கீதா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கிவந்து, பள்ளத்தின் ஓரத்து மண்மேட்டில் நட்சத்திரத்தை நட்டார்கள். பள்ளம் முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. வீடுதான் குடோனுக்குப் பின்னால் மறைந்து போயிற்று. நந்திதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பத்துப் பேர் வந்தார்கள். பள்ளத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்கள்.

"இந்த வெளிச்சம் இல்லீன்னா டிரம்மோட உள்ள போயிருப்பனுங்க" என்றார் முன்னால் டிரம் அடித்துக்கொண்டு வந்த சுரேந்தர் என்ற அண்ணன். "இதை வெச்சது ஆருங்க?"

ராமாமணி அத்தை கையை நீட்டிக் காட்டினார்.

"இந்தப் புள்ளதானுங்க. அதா, குடோனுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்குதே, அதுதான் இவ ஊடு."

"அப்ப இந்தச் சந்துல மொதப் பாட்டு அங்கதான்!"

அவர்கள் பள்ளத்தைச் சுற்றி நடந்து வருவதற்குள், நந்திதா முன்னால் ஓடிப்போய்க் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்தாள்.