பின்பக்கம் திரும்பிய காய்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒமாரு என்ற சிறு நகரில், டூகல் கின்லாக் வீட்டின் பின்னறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். டூகலின் அக்கா எல்ஸ்பெத் கின்லாக், எழுபத்தாறு வயது, மணமாகாதவர். டூகலின் மனைவி நோலீன். வரைபடத்தில் காய் நகர்த்திப் பழைய போர்களை ஆடும் ஊர்ப் போர்விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் டெஸ் பாஸ்க். டூகல் அங்கே இல்லை. அவரை அடக்கம் செய்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஊரில் ஐந்தாறு பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

வந்த வேலை, டூகலின் விளையாட்டுகளைச் சங்கத்துக்குக் கொடுப்பது. கொடுக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காய்களை எண்ண வேண்டும். ஒரு காய் குறைந்தாலும் அந்தப் பெட்டி செத்த பெட்டி என்பது அந்த மனிதர்களின் கணக்கு. எல்ஸ்பெத் எண்ண வரவில்லை. ஒரே ஒரு பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். அதனால் கோட்டைக் கழற்றவில்லை, கையுறையைக் கழற்றவில்லை, நோலீன் சூடாகக் கொண்டுவந்து வைத்த சீஸ் ரோலைத் தொடவில்லை.

குளிர்ந்த தெற்குக் காற்று ஜன்னலில் மோதிக்கொண்டிருந்தது. அறையில் பழைய அட்டையின் வாசனை, அதற்கடியில் சாய வாசனை. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். முப்பது வருடத்துக்கு முன் ஒரு அலமாரியில் தொடங்கியது. பிறகு கார் கொட்டகைக்குப் போனது. கார் வெளியே மழையில் நின்றது. பிறகு விருந்தினர் கட்டில் போனது. கடைசியாக அம்மாவின் தையல் அறையும் போனது. படைத்தலைவர்களும் போதகர்களும் பிறந்த குடும்பத்தில், தலை நரைத்த ஒருவன் ஈயச் சிப்பாய்களுக்குக் கால்சட்டை வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அதைக்கூட எல்ஸ்பெத் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாதது அவனே செய்த அந்த ஒரு விளையாட்டு.

அவர்களுடைய தாத்தா, கேப்டன் ஆர்ச்சிபால்ட் கின்லாக், முதல் உலகப் போரில் பிரான்சில் ஒரு மேட்டை நாற்பது பேரோடு இரண்டு நாள் காத்தவர். தேவாலயத்துச் சுவரில் பித்தளைத் தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. நாற்பத்தோரு வருடமாக எல்ஸ்பெத் வாரந்தோறும் அதைத் தன் கையால் துலக்கி வருகிறார். டூகல் அந்த மேட்டை வரைபடமாக வரைந்து, படைகளைச் சின்னச் சதுர அட்டைக் காய்களாக வெட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டு காய்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். முன்பக்கம் இருந்தால் படை நிற்கிறது. திருப்பி வைத்தால் உடைந்துவிட்டது. தாத்தாவின் காய்க்குப் பின்பக்கத்தில் அவன் எழுதியிருந்தது ஒரே சொல்: ஓடிவிட்டார்.

எதையோ ஒரு கடிதத்தில் படித்தேன் என்றான். பிப்ரவரியில் இந்த மேசைக்கு முன் நின்று இரண்டு பேரும் போட்ட சண்டை பக்கத்து வீடு வரை கேட்டது.

குளிர் தொடங்கும் ஏப்ரலில் டூகலை டனீடன் நகர மருத்துவமனையில் சேர்த்தார்கள். நோலீன் கூடப் போய்விட்டாள். அவர்கள் திரும்பும் நாளில் வீடு குளிரக் கூடாதென்று எல்ஸ்பெத் வந்து கணப்பை மூட்டினார். அந்தக் காயை அதில் போட்டார். சாம்பலாகும் வரை நின்று பார்த்தார்.

வீடு திரும்பிய டூகல் முதலில் செய்தது காய்களை எண்ணியதுதான். ஒன்று குறைகிறது, எங்கே என்று கேட்டான். தெரியாது என்றார் எல்ஸ்பெத். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. டூகல் சாகும் வரை, வாய்க்குக் கஞ்சி கொண்டுபோனால்கூட, ஒன்று குறைகிறது என்றே சொன்னானாம்.

இப்போது டெஸ் அந்தப் பெட்டியைத்தான் திறந்து, வரைபடத்தை மேசையில் விரித்திருந்தார். காய்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"இருநூத்திப் பதினொண்ணுதான் வருது, மிஸ் கின்லாக்."

"குறையுதுல்ல? அப்ப உங்களுக்கு உதவாது. நான் எடுத்துட்டுப் போறேன்."

"எந்தக் காய் குறையுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே," என்றாள் நோலீன்.

எல்ஸ்பெத் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார். பதில் சொல்லிப் பழக்கப்பட்டவர் அல்ல.

டிக்.

சின்னச் சத்தம். மேசைக்கு அடியிலிருந்தோ பெட்டிகளுக்குப் பின்னாலிருந்தோ வந்தது. மூன்று பேருக்கும் அது பழகிய சத்தம். அட்டைக் காய்களைத் தாளிலிருந்து பிரித்தெடுத்தால் மூலையில் பிசிறு நிற்கும். டூகல் ஒவ்வொரு காயின் நான்கு மூலைகளையும் நகவெட்டியால் கத்தரிப்பான். ஆயிரக்கணக்கான காய்கள், முப்பது வருடம். இந்த வீட்டில் கடிகாரச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

டிக். டிக்.

"குளிர்ல மரம் சுருங்குது," என்றார் எல்ஸ்பெத்.

"இது மரமில்ல," என்றாள் நோலீன். முகம் வெளுத்திருந்தது.

"அவனோட நகவெட்டிய வேற யாராச்சும் எடுத்திருப்பாங்க."

"அத நான் அவரோட கோட்டுப் பையில வெச்சுத்தான் சவப்பெட்டிய மூடினேன்."

டிக்.

நான்காவது. அதற்குப் பிறகு காற்றுகூட நின்றது.

டெஸ் மெல்லக் குனிந்து கம்பளத்தைப் பார்த்தார். விரல் நுனியில் எதையோ ஒற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். அரிசி அளவில் நான்கு அட்டை முக்கோணங்கள். ஓரம் கருகியிருந்தது.

அறையில் புகை வாசனை வந்தது. கணப்பு வேறு அறையில் இருந்தது. அன்றைக்கு மூட்டவும் இல்லை.

டெஸ் மறுபடி எண்ண உட்கார்ந்தார். அடுக்கு இரண்டு முறை சரிந்தது. எண்ணி முடித்தார். பிறகு விரலை நீட்டினார்.

வரைபடத்தின் மேட்டில், எவரும் எதுவும் வைக்காத இடத்தில், ஒரு காய் இருந்தது.

கறுத்து, முறுகி, நான்கு மூலையும் புதிதாகக் கத்தரித்து.

பின்பக்கம் மேலே.

எல்ஸ்பெத் கை நீட்டி அதை முன்பக்கம் திருப்பினார். கையுறையின் நுனி பொசுங்கியது. அவர் கையை எடுக்க, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காய் மீண்டும் பின்பக்கமாகக் கிடந்தது. அது புரண்டதை ஒருவரும் பார்க்கவில்லை.

"எரிச்சீங்களா?" என்றாள் நோலீன், அடித்தொண்டையில். "அவரு செத்துக்கிட்டே தேடினாரே. நீங்கதானா?"

"ஆமா. எரிச்சேன். திரும்பக் கையில கெடச்சா திரும்பவும் எரிப்பேன். செத்தவர் மேல சேறு பூச இவனுக்கு யாரு உரிமை குடுத்தது? ஆதாரம் உண்டா?"

"உண்டு," என்றார் டெஸ். "அந்தக் கடிதம் எங்க வீட்டுதுங்க. நாப்பது பேர்ல எங்க கொள்ளுத்தாத்தாவும் ஒருத்தர். ஒரு கால் போய் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எழுதினார். மொத நாளே கேப்டன் எங்கள விட்டுட்டு ஓடிட்டார், நாங்க அவருக்காகக் காத்திருந்தோம்னு. திரும்பி வந்தது ஆறு பேர். நூறு வருஷமா அந்தத் தகட்டுக்குக் கீழதான் எங்க வீட்டு ஆளுங்க உக்காந்து பாட்டுப் பாடுறோம். யாருகிட்டயும் சொன்னதில்ல. டூகல் கேட்டார், குடுத்தேன்."

எல்ஸ்பெத் கோட்டின் மேல் பொத்தானைச் சரிபார்த்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா பொய் சொல்லியிருக்கார், மிஸ்டர் பாஸ்க்."

டிக்.

இந்த முறை அவர் காதுக்குப் பின்னால். குளிர்ந்த இரும்பு தோலைத் தொட்ட மாதிரி.

அவர் ஓடவில்லை. ஒரு கின்லாக் எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் நடந்து வெளியேறினார். பெட்டியை எடுக்கவில்லை. நேரே தேவாலயத்துக்குப் போனார். தகடு இருந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் துலக்கினார். கதவைப் பூட்டிச் சாவியைப் போதகர் கையில் கொடுத்தபோது மணி நாலே கால். அதைப் போதகரே சொல்வார்.

மறுநாள் காலை ஆராதனைக்குச் சபை வந்து உட்கார்ந்தபோது, சுவரில் தகடு தலைகீழாக இல்லை, சாய்ந்தும் இல்லை. முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, முதுகைக் காட்டி நின்றது. நான்கு மூலைகளும் சுத்தமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தன. கீழே, கின்லாக் குடும்பம் உட்காரும் இருக்கையில், நான்கு பித்தளை முக்கோணங்கள் வரிசையாக இருந்தன.

எல்ஸ்பெத் மனம் இளகிவிட்டார், தாத்தாவின் குற்றத்தை ஒப்புக்கொண்டு தாமே தகட்டைத் திருப்பி மாட்டினார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தச்சரை அழைத்துவந்து மூன்று முறை அதை நேராக மாட்ட வைத்தவர் அவர்தான். மூன்றாவது முறையும் அது திரும்பிக்கொண்ட பிறகு தச்சர் வர மறுத்துவிட்டார்.