சுவருக்குப் பிடித்த குடை

நெஞ்சில் ஈரமுள்ளோரே, சற்றே நின்று இந்த அநீதியைப் பாருங்கள்! அரியலூர்ச் சாலையில் ஒரு சிமென்ட் ஆலை. நெருக்கடி என்று சொல்லிப் பாதித் தொழிலாளரை வாயிலுக்கு வெளியே தள்ளினார்கள். முதலாளியின் மாளிகையில் ஒரு விளக்கும் அணையவில்லை. தொழிலாளியின் வீட்டிலோ அடுப்பே அணைந்தது.

தள்ளப்பட்டவர்கள் தலைநிமிர்ந்து பொதுவுழைப்புக் கட்சி கண்டார்கள். அவர்களுள் ஒருத்தி மலர்க்கொடி. மூட்டை தைத்த கையில் இன்று தூரிகை... குரும்பலூரில், பச்சைக் கேட்டு வீட்டின் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்படித்துக் கட்சியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... யாரைக் கேட்டு எழுதுறீங்க?"

திரும்பினாள். நீலச் சட்டை, தோளில் பை, கையில் குடை. அதட்ட வந்து, வந்த வேலையை மறந்து நின்ற இரு கண்கள்...

"குழந்தைவேல் அண்ணன்தான் பச்சைக் கேட்டு வூட்டுல எழுதிக்கச் சொன்னாரு."

"அவரு வூடு எதுத்தாப்புல. அதுவும் பச்சைக் கேட்டுதான். இது எங்க வூடு. எங்கப்பா கண்ணையன் பழைய கட்சியில கிளைச் செயலாளரு. தேர்தலுக்குத் தேர்தல் இந்தச் சுவரு அவங்களுக்குத்தான்."

"அய்யய்யோ..."

முதல் துளி விழுந்தது. ஈரச் சுண்ணாம்பு கன்னத்துக் கண்ணீராய் வழியத் தொடங்கியது. அவன் சட்டெனக் குடையை விரித்தான்... சுவருக்கு!

"நனையுறது நானுங்க. கொடை சுவத்துக்கா?"

"நீங்க காஞ்சிடுவீங்க. எழுத்து கரைஞ்சா போச்சு."

சிரித்தவளின் பார்வை அவன் சட்டையில் நின்றது.

"லோடிங் செக்‌ஷன் சட்டைல்ல இது? அந்த செக்‌ஷனையே எடுத்துட்டாங்களே?"

அவன் குரல் தாழ்ந்தது. "வூட்டுல தெரியாதுங்க. தினமும் கெளம்பிப் போயி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வரேன்."

கேட்டு திறந்தது. கண்ணையன்!

"டேய் கலைவாணா! வேலையத்தவங்க கட்சிக்குக் கொடை புடிக்கிறியா? நீ சிமென்ட் ஆலை வேலைக்குப் போறவன்டா!"

ஒரே ஒரு சொல்லில் மலர்க்கொடி தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. "தப்பு என்னுதுதான் சார், அழிச்சுடறேன்" என்று துணியை எடுத்தாள். தன் மானத்தைக் காக்கும் அந்த மௌனத்தைக் கலைவாணனால் தாங்க முடியவில்லை.

"அழிக்காதீங்க... அப்பா, நானும் வேலையத்தவன்தான்."

கண்ணையன் மகனைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"எழுத்து சாயுது. நூல் புடிச்சு எழுதணும். இதுகூடத் தெரியாம ஒரு கட்சி!"

உள்ளே போனவர் ஒரு நூல்கண்டை எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழை ஓய்ந்தது. நூலின் ஒரு முனை அவள் விரலில், மறுமுனை அவன் விரலில்... இடையே துடித்தது நூல்தானா?

"நாளைக்கு எந்தச் சுவருங்க?"

"எதுக்கு?"

"மறுமுனைக்கு ஆள் வேணுமே... நாளைக்கு மட்டுமில்ல. ஆயுசுக்கும் நானே வரேங்க. உங்களை எனக்கு..."

தூரிகை நின்றது. "நா எந்தத் தெருன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"கேக்க மாட்டேன். அப்பா கேட்டா நானே பதில் சொல்லுவேன். இன்னிக்குத்தான் பேசப் பழகியிருக்கேன்."

தலை குனிந்தாள், கன்னத்தில் தெறித்த சுண்ணாம்பும் சிவந்தாற்போலிருந்தது. "அப்ப... நாளைக்கு அந்தக் கொடையை எனக்குப் புடிங்க."

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு சுவர் உண்டு! வேலை இழந்தவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? பறித்தவனல்லவா வெட்கப்பட வேண்டும்! அதை அந்தச் சுவரில் எழுத இடங்கொடுங்கள். தெருவையும் சாதியையும் கேளாது, இன்றே இறங்கி வந்து நூலின் மறுமுனையைப் பிடியுங்கள்!