மாடு இல்லைத்தானே?

கறி கொதிக்கத் தொடங்கியதுமே புஸ்பராணிக்கு அந்த நுரையைப் பிடிக்கவில்லை. ஆட்டிறைச்சி கொதித்தால் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் நுரை வரும், அகப்பையால் ஒருதரம் வழித்து ஊற்றினால் அடங்கிவிடும். இது வழிக்க வழிக்க வந்தது. மஞ்சளாக, தடிப்பாக, பானை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. இஞ்சி, உள்ளி, பெருஞ்சீரகம், கறுவா, கறுக்க வறுத்த தூள் என்று போட வேண்டியதெல்லாம் போட்டும், அடியிலிருந்து ஒரு இனிப்பு மணம் ஏறி வந்து மூக்கில் குந்திக்கொண்டது.

பரிஸின் லா ஷப்பலில் எங்கள் சனத்தின் கொண்டாட்டம் என்றால் கறிக்குப் பெயர்போனவள் புஸ்பராணி, ஊர்வலத்துக்குப் பெயர்போனவன் அவள் புருஷன் தவரத்தினம். ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு செய்வார்கள் அல்லவா, அந்தப் பிள்ளையை வெள்ளைக் குதிரை பூட்டிய சாரட்டு வண்டியில் கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்காவிட்டால் இப்போதெல்லாம் சனம் அதைச் சாமத்தியவீடு என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஒருத்தி சாரட்டில் வந்தால் அவளுடைய மச்சாள் நடந்து வருவாளா? அந்த எடுப்பில்தான் தவரத்தினத்தின் தொழில் ஓடியது. நாளைக்கு வாடிக்கைக்காரி தர்மிளாவின் மகளுக்குச் சாமத்தியவீடு. சாப்பாடு மட்டும்தான். குதிரை இல்லை.

ரூ பஜோலுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அவர்களுடைய சமையலறை. ஒரே ஒரு யன்னல், அதுவும் கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்தபடி. முற்றத்தின் மூலையில் நீலத் தறப்பாளால் மூடிய சாரட்டு நின்றது. தை மாதத்துப் பரிஸ், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடும். எட்டு வயது கஜனி மேசையின் ஒரு கரையில் வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புஸ்பராணி ஒரு துண்டை எடுத்து அகப்பையின் முதுகால் நசித்துப் பார்த்தாள். எலும்பே இல்லாத இறைச்சி. தடித்த தடித்த நார். காலையில் தவரத்தினம் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது அவள் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "மாடு இல்லைத்தானே?" மாடு இல்லை என்றான். அதோடு மனம் ஆறிவிட்டது. எங்கள் சனத்தின் குணமே அதுதான். பிரெஞ்சுக்காரன் கடையில் சிவப்பாக எதைக் கண்டாலும் மாடா என்று மட்டும் விசாரிப்பார்கள். இல்லை என்று ஒரு சொல் வந்துவிட்டால், பிறகு அது எதுவாக இருந்தாலும் ஆடுதான்.

முற்றத்தில் ஏதோ சத்தம் கேட்டது.

கல்லில் இரும்பு படுகிற மாதிரி. ஒருதரம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொருதரம். மேலே தண்டவாளத்தில் ரயில் போகிற அதிர்வில் குப்பைத் தொட்டியின் மூடி ஆடுவதுண்டு, அதுவாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ரயில் எதுவும் போகவில்லை.

"அம்மா, பஞ்சு வந்திட்டுது," என்றாள் கஜனி, கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே.

"வாயை மூடிக்கொண்டு படி."

பஞ்சு என்பது அந்த வெள்ளைக் குதிரை. காகிதத்தில் அதற்கு நீளமான ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. கஜனிதான் பஞ்சு என்று வைத்தாள். ஆர்ஜொந்தெய்க்கு அப்பால் மெலானி என்கிற பெண்ணின் இலாயத்தில் அது நின்றது. சனிக்கிழமைகளில் தகப்பனோடு போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்காவிட்டால் பிள்ளைக்குக் கிழமை விடியாது. போன வருடம் பஞ்சுவின் பின்னங்கால் இழுக்கத் தொடங்கியது. நொண்டுகிற குதிரையை யார் சாரட்டில் பூட்டுவார்கள்? சும்மா கொடுக்கிறோம் என்று சொல்லியும் ஒருவரும் வாங்கவில்லை.

மெலானி ஒளிவுமறைவு இல்லாதவள். இந்த நாட்டில் வேண்டாத குதிரைகளை என்ன செய்வது என்று ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள், ஒருவரும் ஒன்றையாவது தன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். குளிர் தொடங்கினால் போதும், விடிகிற நேரத்தில் அவளுடைய கேற்றில் யாரோ ஒரு கிழட்டுக் குதிரையைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்களாம். முறையான கொல்களத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போவதாகவும், கடைசிவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னாள். சேற்றில் பட்டினி கிடந்து சாவதைவிட அது நல்லது என்பது அவள் கட்சி. புஸ்பராணி காதைப் பொத்திக்கொண்டாள். அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் போன குதிரை, ஐயோ, அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். அப்போதுதான் பழைய குதிரைகளை வாங்கி விற்கிற அர்னோ வந்தான். வண்டியின் பின்னால் குதிரைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வந்தவன், தனக்கு ஒரு புல்வெளி இருக்கிறது என்று சொல்லிப் பஞ்சுவை ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான், அந்தப் பதிலைக் கேட்க இவர்களுக்கு விருப்பமில்லை.

மறுபடியும் சத்தம். இப்போது இரண்டு அடி வைத்து, மூன்றாவதை இழுத்தது.

புஸ்பராணி அடுப்பைக் குறைத்தாள். கைத்தொலைபேசியை எடுத்துத் தவரத்தினத்தை அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த இறைச்சி எங்கை வாங்கினது?"

"ஏன், அவியேல்லையோ?"

"எங்கை வாங்கினது எண்டு கேக்கிறன்."

மறுமுனையில் வண்டி இரைகிற சத்தம். "அர்னோ தந்தவன். கனக்கக் கிடக்கு, கொண்டுபோ எண்டான். நான் கேட்டனான் ராணி. மாடோ எண்டு வடிவாக் கேட்டனான். இல்லவே இல்லையெண்டு சிரிச்சவன்."

"அப்ப என்ன இறைச்சி எண்டு கேட்டனீங்களோ?"

மறுமுனையில் வண்டியின் இரைச்சல் நின்றது.

"பஞ்சுவை எங்கை விட்டவன்? அந்தப் புல்வெளியை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

"நாளைக்கு முந்நூறு சனம் வரப்போகுது," என்றான் தவரத்தினம். குரல் மெலிந்துவிட்டது. "இப்ப போய் நான் எந்தக் கடையைத் தட்டுறது? நீ வாயைத் திறவாதை ராணி. பிள்ளைக்கு முன்னாலை ஒண்டும் கதையாதை." தொடர்பு அறுந்தது.

அவள் குசினித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கறிக்கு உப்புப் பார்த்த வாய். நாக்கு, பல்லிடுக்கு, தொண்டை எல்லாம் அந்த இனிப்பு. அவளுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. பிள்ளைக்குத் தெரியக்கூடாது. பிள்ளையின் வாயில் ஒரு துண்டும் படக்கூடாது. நாளைக்குப் பியர்ஃபித்தில் இருக்கிற சித்தி வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அது சரி. பானையை என்ன செய்வது?

கொட்டலாம். கொட்டத்தான் வேண்டும். கைத்துணியால் பானையின் காதைப் பிடித்துக்கூடப் பார்த்தாள். பிறகு தர்மிளாவின் முகம் வந்தது. ஒரு வருடமாக மண்டபம், மாலை, படக்காரர் என்று ஓடித் திரிந்தவள். காலையில் சோறு மட்டும் போய் இறங்கினால் லா ஷப்பல் முழுக்க நாறிப்போகும். என்ன காரணம் என்று கேட்பார்கள். கேள்வி கேட்கத் தொடங்கினால் சனம் நிறுத்தாது.

புஸ்பராணி துணியை விட்டாள். தூள் போத்தலை எடுத்து இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். வினாகிரி விட்டாள், மிளகு போட்டாள், ரம்பை போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறினாள். இனிப்பு மணம் மெல்ல மெல்ல அமுங்கியது. இனி யாருக்கும் தெரியாது. மூடியை வைத்து அழுத்தி மூடினாள்.

யன்னல் கண்ணாடி மங்கியது.

சமையல் ஆவி என்று நினைத்துக் கையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். ஈரம் உள்ளே இல்லை, வெளியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளுடைய முகத்தின் உயரத்துக்கு மேலே, இரண்டு வட்டமாக ஆவிப்புகார் படிந்து, சுருங்கி, மறுபடி படிந்தது. முற்றத்தில் யாரும் இல்லை. புகார் மட்டும் வந்து போனது, வந்து போனது, ஒரு பெரிய நெஞ்சு ஆறுதலாக மூச்சு விடுகிற மாதிரி.

"கஜனி," என்றாள் திரும்பாமல். "எழும்பி இஞ்சாலை வா."



திரும்பினாள். கதிரை வெறுமை. கொப்பி விரித்தபடி. பென்சில் நிலத்தில். அவள் தொட்டியில் குனிந்து நின்றபோதா? தூள் போத்தலைத் தேடியபோதா? மேசையில் கிடந்த கரண்டியில் குழம்பு வழிந்தது. பிள்ளையின் சோற்றுக் கோப்பையைக் காணவில்லை. தரையில் சிவப்பாக ஒரு சொட்டு. அங்கால் ஒன்று. கதவடியில் ஒன்று.

கதவு திறந்திருந்தது.

ஓடினாள். செருப்பு இல்லாமல். முற்றத்துக் கல் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. இருட்டு. விளக்கைத் தேடிச் சுவரைத் தடவினாள். ஆளி. அழுத்தினாள். மஞ்சள் வெளிச்சம்.

தறப்பாள் நிலத்தில் கிடந்தது. சாரட்டு நின்றது. நிலத்தில் சரிந்து கிடக்க வேண்டிய, குதிரையைப் பூட்டுகிற அதன் இரண்டு ஏர்க்கால்களும் இடுப்பளவுக்கு உயர்ந்து நேராக நின்றன, எதுவோ பூட்டியிருக்கிற மாதிரி. நடுவில் எதுவும் இல்லை. சுவர் தெரிந்தது. குப்பைத் தொட்டிகள் தெரிந்தன.

அந்த வெறுமைக்கு முன்னால் கஜனி நின்றாள். இடக்கையில் கோப்பை. வலக்கையை விரித்து, விரல் மடங்காமல், உள்ளங்கையில் ஒரு துண்டு இறைச்சியை வைத்து நீட்டினாள். துண்டு அசைந்தது. ஒருதரம் புரண்டது. பிறகு அது அங்கே இல்லை. உள்ளங்கை எச்சிலாக மினுங்கியது.

"பிள்ளை," என்றாள் புஸ்பராணி.

"விரலை மடக்கக்கூடாது அம்மா. மெலானி சொல்லித் தந்தவ." அடுத்த துண்டு. அதுவும் போனது. "சரியான பசி. ஒருதரும் தீன் போடேல்லை."

"கையை எடு. கஜனி. கையை எடு."

"அத்தோன், அம்மா," என்றாள் பிரெஞ்சில். "பொறுங்கோவன்." கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "முடிஞ்சுது. அதுக்கு இன்னும் பசி."

ஏர்க்கால்கள் ஒருமுறை கிறீச்சிட்டு முன்னால் நகர்ந்தன. கல்லில் இரும்பு பட்டது. மிக அருகில். கஜனி வெறுங்கையை விரித்தபடியே வைத்திருந்தாள். புஸ்பராணி போய் இழுத்திருப்பாள். அந்தக் கறியை மூடி வைத்த கைகள் இரண்டும் கட்டையாகத் தொங்கின.

கஜனி கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். மஞ்சள் வெளிச்சம் அவளுடைய முகத்தில் விழுந்தது, தோளில் விழுந்தது, கம்பளிச் சட்டையின் கைமடிப்பில் விழுந்தது. அதற்கு அங்கால் கை இல்லை.

"கூசுது அம்மா," என்றாள். அதற்கு எட்டவில்லைப்போல, இன்னும் ஒரு அடி முன்னே வைத்தாள்.