ஆறு எலும்புக் கழுத்து

யோகம் விளக்கேற்ற வந்தபோது, சன்னல் கொக்கியில் கம்பி கோத்துத் தொங்கிய கழுத்தெலும்புகள் அடுப்படிப் பக்கம் முகம் காட்டி நின்றன. காலையில் அவளேதான் அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். காற்று என்று நினைத்துக்கொண்டாள். சன்னல் சாத்தியிருந்தது.

வெளியே சிராங்கூன் சாலையில் மத்தியானம் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. நனைந்த வைக்கோலும் எருமைச் சாணமும் கலந்த மணம் மரப்படி ஏறி மாடிக்கு வந்து, விளக்கெண்ணெயோடு சேர்ந்து, ஈரத் துணிபோல் அறையில் தொங்கியது. அதற்குள் எலும்புகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ வாய்க்குள் பல்லைக் கடிப்பதுபோல் அவ்வப்போது கேட்டது.

அவள் கணவன் குலசிங்கம் ஆஸ்பத்திரியில் புண் கட்டுபவன். வைத்தியப் படிப்பில் சேர நாளைக் காலை அவனுக்குப் பரீட்சை. 'டாக்குத்தர்' என்று பித்தளையில் வெட்டிய பெயர்ப்பலகை போன வாரமே வந்துவிட்டது. பரீட்சைக்கு மரியாதை செய்யும் விதமாக இன்றுவரை கட்டிலுக்கடியில் குப்புறக் கிடக்கிறது. காது மடலை உரசும் கஞ்சி போட்ட சட்டைக் கொலரை அவன் வீட்டிலும் கழற்றுவதில்லை.

"யோகம், கம்பியைப் பிடியும். நான் சொல்லச் சொல்ல எண்ணும்."

பிடித்தாள். கம்பி மழை நேரத்துக்கும் அதிகமாகக் குளிர்ந்திருந்தது.

"கழுத்தெலும்பு மனுசருக்கு ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. கவர்னருக்கும் ஏழு."

"இதில ஆறுதானே இருக்கு."

"அதுதான் விசேஷம். முதலாவது எலும்பு தலையைத் தாங்குது. ஓம் எண்டு ஆட்டுறது தலைக்கும் அதுக்கும் நடுவில. இல்லை எண்டு ஆட்டுறது அதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவில. இதில அந்த ரெண்டும் பிறப்பிலேயே ஒட்டிப்போச்சு. நாளைக்கு இதைக் கண்டால் சோதிக்கிற வெள்ளைக்காரத் துரையே எழும்பி நிண்டு எனக்குக் கை குடுப்பார்."

"எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"கல்கத்தாவில இருந்து. கப்பலில வந்தது எண்டு எத்தனை தரம் சொல்லுறது?"

"பாவம், அந்த மனுசன் எப்பிடித் திரும்பியிருப்பார்?"

"கழுத்துத் திரும்பாது. உடம்போடதான் திரும்ப வேணும்." கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடியே சொன்னான். "ஓம் எண்டு ஆட்டலாம். இல்லை எண்டு ஆட்ட ஏலாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. புத்தகத்தை மூடினான்.

யோகம் கம்பியை விடவில்லை.

அவளுடைய நாகமணி அண்ணை அப்படித்தான் திரும்புவார். படியிலிருந்து கூப்பிட்டால் தோள், இடுப்பு, செருப்பு எல்லாம் சேர்ந்து, நான்கு பேர் பிடித்து நகர்த்தும் அலுமாரிபோல் மெல்லத் திரும்புவார்; அதற்காகவே அவள் சின்ன வயதில் வீணாய்க் கூப்பிடுவாள். இல்லை என்று தலையாட்ட வராததால் ஊரார் வேலையெல்லாம் அவர் தலையில்தான் விழும். நாலு மாதத்துக்கு முன் வாந்திபேதியில் படுத்தார். அந்த வார்டுக்குள் சொந்தக்காரரை விடமாட்டார்கள். குலசிங்கம்தான் உள்ளே போய் வந்தான். மூன்றாம் நாள் ஒரு செம்பு நிறையச் சாம்பல் கொண்டுவந்தான். 'கொள்ளி நானே வைச்சன்' என்றான். அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதவள் அவள்.

கடலில் கரைத்தபோது சாம்பலில் ஒரு எலும்புத் துண்டுகூட இருக்கவில்லை. கரித்துண்டு இருந்தது. ஒரு வெங்காயச் சருகு இருந்தது.

அடுப்புச் சாம்பல்.

"இஞ்சாருங்கோ." குரல் அவளுடையதுபோல் இல்லை. "இது என்ரை அண்ணையோ?"

குலசிங்கம் சிரித்தான். பெரிய மனிதர்கள் சின்னக் கேள்விகளுக்குச் சிரிக்கும் சிரிப்பு. "விசர்க்கதை கதையாதையும்" என்றபடி தலையை இடமும் வலமும் ஆட்டப் போனான்.

தலை திரும்பவில்லை.

கொலர்தான் இறுக்குகிறது என்று நினைத்தான் போலும். விரலை விட்டு இழுத்தான். பொத்தான் தெறித்து, பலகைத் தரையில் உருண்டு, கட்டிலுக்கடியில் பித்தளையில் மோதி நின்றது. கொலர் கழன்றது. வெறும் கழுத்து. நரம்பு புடைத்த கழுத்து. தலை திரும்பவில்லை.

பிறகு அசைந்தது. கீழே. மேலே.

ஓம்.

அவன் கண்கள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்தான். கையோடு சேர்ந்து இறங்கியது தலை. ஏறியது. இறங்கியது.

"யோகம், பிடியும். நிப்பாட்டும்."

அவள் தொடவில்லை.

மழை நின்றிருந்தது. எப்போது என்று தெரியவில்லை. அவள் பிடித்திருந்த கம்பியில் சின்னதாக ஒரு சத்தம். நெடுநாள் மடங்கிக் கிடந்த விரலைச் சொடுக்கெடுப்பதுபோல்.

விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். விரல் வைத்து எண்ணினாள். மேலிருந்து. பிறகு கீழிருந்து.

ஏழு.

கம்பி ஆடவில்லை. கீழே ஆறும் அசையாமல் நின்றன. மேலே தனியே பிரிந்து நின்ற முதலாவது எலும்பு வளையம் மட்டும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. அவசரமில்லாமல். வாழ்நாளில் முதல் தடவையாக.

அதன் எதிரே, கண்ணாடிக்கு முன்னால், குலசிங்கம் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான்.